சரிவில் போட்ட வரப்பு

மொந்தன் என்ற பெருச்சாளியும் அதன் மனைவி கரிச்சியும் ஒரு நெல்வயலின் பெரிய வரப்புக்குள் வளை தோண்டிக் குடியிருந்தன. நல்ல வசதியான வளை. நெல்லுக்கு ஓர் அறை, படுக்க ஓர் அறை. மழை பெய்து வயலில் தண்ணீர் தேங்கினாலும் வரப்பு அதைத் தடுத்து நிறுத்திவிடும். வளைக்குள் ஈரம் எட்டிப் பார்க்காது.

"வரப்பு இருக்கிற வரைக்கும் நமக்கு என்ன கவலை!" என்று மொந்தன் மீசையை முறுக்கிக்கொள்ளும். வரப்பில் கொஞ்சம் மண் சரிந்தால் போதும், ஓடிப்போய் அணைத்துத் தட்டிவிடும். அந்த வரப்பில் ஓட்டை போட்டதே அதுதான் என்பது வேறு விஷயம். ஆனாலும் மண்ணை அணைத்துக் கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அதற்கு ஒரே பெருமை.

அறுவடை முடிந்தது. ஒரு காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. உழவர்கள் அடுத்த நடவுக்காக வரப்பை வெட்டிச் சீர்படுத்திக்கொண்டு வந்தார்கள். வளை கண்ட இடமெல்லாம் தோண்டினார்கள். மொந்தன் வளைக்குள் ஓடியது.

"கரிச்சி! கிளம்பு! கரட்டுக்குப் போயிடலாம்!"

வயலுக்கு மேற்கே இருந்த சிறு குன்றுதான் கரடு. அதன் சரிவில் கல்லும் முள்ளும் புல்லும் தவிர வேறெதுவும் கிடையாது.

"அந்த மேட்டுக்கா? வயித்துல பிள்ளைகளைச் சுமந்துக்கிட்டு நான் எப்படிங்க ஏறுவேன்?" என்றது கரிச்சி.

"யாரும் உழாத மண்ணு! மண்வெட்டி அங்கே வராது. மழைக்கு முன்னாடி நான் வீடு கட்டிடுறேன். பிள்ளைகளை நீ அங்கேதான் பெத்தெடுக்கப் போறே!"

அன்று முதல் மொந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரிச்சியைச் சரிவில் ஒரு புதருக்கடியில் ஒண்ட வைத்துவிட்டு, மேலும் கீழும் ஓடியது. அறுப்பில் சிந்திய நெற்கதிரை வாய் நிறையக் கவ்விக்கொண்டு ஏறும். கதிரை வைத்த கையோடு இறங்கும். ஓரிடத்தில் தோண்ட ஆரம்பிக்கும். "சே, இங்கே வெயில் அடிக்குது!" என்று விட்டுவிடும். இன்னோரிடத்தில் தோண்டும். "இங்கே ஒரே கல்லு!" என்று அதையும் விட்டுவிடும். வானம் கறுத்தாலும் ஓட்டம், வெளுத்தாலும் ஓட்டம். பார்த்துக்கொண்டிருந்தாலே நமக்கு மூச்சு வாங்கும்!

அந்தச் சரிவில் வெள்ளச்சி என்றொரு கௌதாரி வெகுகாலமாகக் குடியிருந்தது. சரியான வாயாடி. மொந்தன் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து அதற்குக் கழுத்து வலித்தது.

"அண்ணே! கொஞ்சம் நில்லுங்க!" என்றது. "அவசரப்பட்டு எங்கேயும் தோண்டிடாதீங்க. ஒரு மழை பெய்யட்டும். தண்ணி எப்படி இறங்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் வீடு கட்டுங்க!"

"மழை வர்றதுக்குள்ளே கட்டணும்னு நான் பறக்கிறேன். மழை வந்தப்புறம் கட்டச் சொல்றியே, தங்கச்சி!"

"அப்படின்னா என்கிட்டயாவது கேளுங்க. நான் முட்டையில இருந்து வெளியே வந்ததே இந்தச் சரிவுலதான்!"

"நெல்லுவயல்ல வாழ்ந்தவன் நான்! தண்ணியைப் பத்தி எனக்கே பாடமா?" என்றது மொந்தன். நின்று கேட்க அதற்கு ஏது நேரம்? அதற்குள் பத்தடி போய்விட்டது.

கடைசியில் சரிவின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. கூழாங்கல்லும் சருகும் நிறைந்த பள்ளம். மொந்தன் துள்ளிக் குதித்தது.

"பாதி வேலை மிச்சம்! இதுலேயே நெல்லைக் கொட்டிச் சருகால மூடிடலாம். பக்கத்திலேயே வளையைத் தோண்டிடலாம்!"

"அண்ணே, அது மழைத்தண்ணி போற வழி!" என்று வெள்ளச்சி கத்தியது.

"வழியை அடைச்சுட்டா அது ஏன் வரப்போகுது?"

சொன்னபடியே செய்தது. வளையைத் தோண்டத் தோண்ட வெளியே வந்த மண்ணையெல்லாம் மேல்பக்கம் தள்ளியது. வளைக்கும் பள்ளத்துக்கும் மேலாக வளைவாக ஒரு வரப்பு எழும்பியது. அதை முன்னங்காலால் அணைத்தது, வாலால் தட்டியது, வயிற்றால் மெழுகியது. கீழே நின்று பார்த்தது. மேலே ஏறிப் பார்த்தது. பெரிய வயலில்கூட அவ்வளவு அழகான வரப்பு இருந்ததில்லை!

வெள்ளச்சிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "தண்ணியைத் தேக்கி வெச்சு இங்கே நாத்து நடப்போறீங்களா, அண்ணே?"

மொந்தன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கரிச்சி புது வளைக்குள் போன மறுநாளே குட்டிகளைப் போட்டது. கண் திறக்காத, மயிர் முளைக்காத சின்னஞ்சிறு குட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து கீச்கீச்சென்றன.

"இனிமேலாவது ஓரிடத்துல உட்காருங்க," என்றது கரிச்சி.

மொந்தன் உட்கார்ந்தது. உடனே எழுந்தது. வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தது. வரப்பை இன்னொரு முறை தட்டிவிட்டு வந்தது. மறுபடியும் போனது. ஏதோ ஒன்று விட்டுப்போனது போல அதன் மனம் அலைந்துகொண்டே இருந்தது. என்னவென்றுதான் அதற்குத் தெரியவில்லை.

ஒரு பிற்பகலில் மழை கொட்டத் தொடங்கியது. சரிவெங்கும் இருந்து தண்ணீர் ஓடிவந்து வரப்பில் முட்டி நின்றது. வளையின் வாசலில் ஒரு சொட்டு இல்லை.

"பார்த்தியா, தங்கச்சி! நின்னுடுச்சு பார்த்தியா!" என்று மொந்தன் வரப்பின் மேல் ஏறிக் குதித்தது.

வயலில் தண்ணீர் பரந்து நிற்கும். இங்கே பரவ இடமேது? கரட்டின் மேலிருந்து இறங்கிய தண்ணீர் அத்தனையும் அந்த ஒரே வரப்பின் பின்னால் வந்து சேர்ந்தது. நீர் மட்டம் ஏறியது. மொந்தன் மண்ணை அள்ளி வரப்பை உயர்த்தியது. தண்ணீரும் உயர்ந்தது. மொந்தன் இன்னும் உயர்த்தியது. தண்ணீர் இன்னும் உயர்ந்தது.

உள்ளேயிருந்து கரிச்சி அலறியது. "ஏங்க! கூரையெல்லாம் சொதசொதன்னு ஆயிடுச்சு! பிள்ளைங்க மேல மண்ணு விழுது!"

"இன்னும் கொஞ்சம் உசத்திட்டாச் சரியாப் போயிடும்!"

"வெளியே தூக்கிட்டு வரலாம்னா ஒவ்வொண்ணாத்தானே கவ்வ முடியும்! நான் எதைத் தூக்குவேன், எதை விடுவேன்?"

அந்தக் கேள்வி மொந்தனின் நெஞ்சில் தைத்தது. அது வரப்பைப் பார்த்தது. வளைக்கு நேர் மேலே, தான் ஆசையாகத் தட்டித் தட்டி மெழுகிய இடத்தில், ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உடைந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் குட்டிகளின் மேல்தான் இறங்கும்.

ஒரு பாறை மேல் நனைந்துகொண்டு நின்ற வெள்ளச்சி தொண்டை கிழியக் கத்தியது. "உடைங்க, அண்ணே! பள்ளத்துப் பக்கமா நீங்களே உடைச்சு விடுங்க!"

"பள்ளத்துல நெல்லு இருக்கே! மழைக்காலம் முழுக்க அதுதானே சாப்பாடு!"

வளைக்குள் ஒரு குட்டி வீறிட்டது. அவ்வளவுதான். மொந்தன் பள்ளத்துப் பக்கம் பாய்ந்தது. தான் கட்டிய வரப்பைத் தானே பல்லால் கடித்தது, காலால் பிறாண்டியது. கட்டும்போது இருந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகம்! ஒரு சிறு வாய் திறந்தது. தண்ணீர் அதைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. சருகு போனது, நெல் போனது, வரப்பில் பாதியும் போனது. அடைபட்டிருந்த தண்ணீர் பள்ளத்தின் வழியே 'ஹோ'வென்று கீழே இறங்கியது.

விரிசலுக்குப் பின்னால் நீர் மட்டம் மளமளவென்று வடிந்தது. வளை தப்பியது.

மொந்தன் உள்ளே ஓடியது. கரிச்சி சேற்றில் படுத்துக் குட்டிகளையெல்லாம் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு. நெல்லு?"

"போயிடுச்சு."

"போனாப் போகுது!" என்றது கரிச்சி. பிறகு அதற்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வீடு கட்டுறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, பிள்ளைங்க தலைக்கு மேல குளம் வெட்டி வெச்சிருக்கீங்களே!"

மொந்தன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தது. வெளியே மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் பள்ளத்தோடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வளைப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழை விட்டதும் மொந்தன் பாறையடிக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"தங்கச்சி, இங்கே கிழங்கு எங்கே கிடைக்கும்?"

"அப்பாடா! ஒருவழியா நின்னு கேட்டீங்களே!" என்று சிரித்துக்கொண்டே வெள்ளச்சி முன்னால் நடந்தது. மொந்தன் ஓடாமல் அதன் பின்னாலேயே போனது.

புது இடத்தின் போக்கைக் கேட்டறியாமல் பழைய இடத்தின் கெட்டிக்காரத்தனத்தை அங்கே காட்டுகிறவர், தம் வீட்டுக்குத் தாமே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்.