ஏட்டின் பின்பக்கம் எழுத்தேறிய கதை

அந்தக் காலத்தில் பறவைகளும் மரங்களும் மனிதரோடு பேசின. ஆனால் எழுதத் தெரிந்தது மனிதருக்கு மட்டும்தான். அவர்களும் ஓலையின் ஒரு பக்கத்தில்தான் எழுதினார்கள். பின்பக்கம் குருவிகளுடையது.

அப்படி ஒரு பேச்சு இருந்தது. பனைமரம் முதன்முதலில் ஓலை கொடுத்தபோது மனிதரையும் தூக்கணாங்குருவிகளையும் கூப்பிட்டு இப்படிச் சொல்லியிருந்தது: "முன்பக்கத்தில் மட்டும் மனிதர் எழுதிக்கொள்ளட்டும். படித்து முடித்ததும் ஓலையைக் குருவிகளிடம் கொடுத்துவிட வேண்டும். குருவிகள் அதிலிருந்து நார் கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளட்டும். என் தலையில் இருக்கும் பச்சை ஓலையை மட்டும் எந்தக் குருவியும் கிழிக்கக் கூடாது." இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதனால் படித்து முடித்த ஓலைகளைப் பனந்தோப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். எழுதிய எதுவும் ஊரில் பத்து நாளைக்கு மேல் தங்கியதில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை.

காயாமணல் என்ற கடற்கரை ஊரில் ஓலை எழுதுகிறவள் சாத்தி. மூன்று விரல் அகலமுள்ள ஓலையில் மற்றவர்கள் நான்கு வரி எழுதினால் அவள் ஆறு வரி எழுதுவாள். அவளுடைய தங்கை வெண்ணி, கடலுக்குள் அரை நாள் தூரத்தில் இருந்த நெடுந்திட்டு என்ற தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெண்ணிக்கு வாசிக்க வரும், எழுத வராது. அவள் கணவன் திரையன் மீன் பிடிப்பவன். வலை பின்னுவதில் கெட்டிக்காரன்.

ஒரு வருடம் வாடைக்காற்று ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. படகுகளையெல்லாம் மணலில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் ஓர் ஆலாப் பறவை கடலைத் தாண்டி வந்து சாத்தியின் வாசலில் விழுந்தது. மூச்சு வாங்கி முடித்ததும் சொன்னது:

"வெண்ணி அனுப்பினாள். குழந்தைகள். வயிறு நிற்கவில்லை."

"எத்தனை குழந்தைகள்?"

"நிறைய."

"யாராவது போய்விட்டார்களா?"

ஆலா யோசித்தது. "ஒன்றைப் புதைத்தார்கள். நான் பார்த்தேன்."

சாத்தி ஆலாவையும் அழைத்துக்கொண்டு மருத்துவர் கோடனாரிடம் ஓடினாள். முந்தைய மாதம் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட கோடனார் கட்டிலில் படுத்திருந்தார். படகு ஓடினாலும் அவரால் போக முடியாது. கேட்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறது. மருந்து அவர்கள் காலடியிலேயே இருக்கிறது. அந்தத் தீவு முழுக்கக் கரிவேர்ச் செடி முளைத்துக் கிடக்கும். ஆனால் அது நஞ்சும்கூட. பக்குவம் தெரியாமல் கொடுத்தால் நோயைவிட வேகமாக ஆளைத் தீர்த்துவிடும். நான் சொல்லச் சொல்ல எழுது."

சாத்தி எழுத்தாணியை எடுத்தாள். எந்தச் செடி, இலை எப்படி இருக்கும், அதைப் போலவே இருக்கும் இன்னொரு செடியை எப்படி ஒதுக்குவது, வேரை எந்த இடத்தில் வெட்டுவது, தோலை எவ்வளவு சீவுவது, எத்தனை வேருக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், வேளைக்கு எத்தனை மடக்கு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆறு வரியும் நிரம்பிவிட்டது. சாத்தி எழுத்தின் மேல் கரி பூசித் துடைத்தாள். எழுத்து கறுப்பாக எழுந்து நின்றது.

"அவ்வளவுதானே, ஐயா?"

"முக்கியமானது இனிமேல்தான். முதலில் கொதித்த நீரைக் கொட்டிவிட வேண்டும். புது நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அதையும் கொட்ட வேண்டும். மூன்றாவது நீர்தான் மருந்து. முதல் நீரைக் குடித்தால் பெரியவர்களுக்கே நாக்கு மரத்துப்போகும். குழந்தை என்றால் மூச்சு நின்றுவிடும்."

சாத்தி இன்னோர் ஓலையை எடுத்தாள். ஆலா தலையைத் திருப்பிக்கொண்டது.

"ஒன்றுதான் கொண்டுபோவேன். எதிர்க்காற்று. இரண்டு ஓலையை அலகில் பிடித்தால் காற்று நடுவில் புகுந்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்."

"சுருக்கி எழுதட்டுமா, ஐயா?"

"எதை விடுவாய்? செடியின் அடையாளத்தை விட்டால் வேறு வேரைத் தோண்டுவார்கள். அளவை விட்டால் அதுவும் ஆபத்து."

"மூன்றாவது நீர் என்பதை இந்த ஆலாவிடம் வாயால் சொல்லி அனுப்பினால்?"

"இதற்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. எத்தனை குழந்தைகள் என்றால் நிறைய என்கிறது, பார்த்தாயல்லவா? மூன்றாவது என்று சொன்னால் அங்கே போய் முதலாவது என்று சொல்லும்."

ஆலா அதற்கு வருத்தப்படவில்லை. "சொல்லலாம்," என்றது.

சாத்தி கையிலிருந்த ஓலையைப் பார்த்தாள். பிறகு அதன் கீழோரத்தைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கூரையின் ஓரத்தில் ஒரு தூக்கணாங்குருவி உட்கார்ந்திருந்தது. படித்த ஓலை எப்போது வெளியே வரும் என்று பார்த்திருக்க வந்த குருவி அது.

"அது எங்கள் பக்கம்," என்றது குருவி.

"தெரியும். இந்த ஒரு தடவை கொடு. தீவில் குழந்தைகள் சாகிறார்கள்."

"இரண்டு பக்கமும் கீறிய ஓலை நாராகக் கிழியாது. துண்டு துண்டாக உடையும். கூடு தாங்காது. எங்களுக்கும் குஞ்சுகள் இருக்கின்றன, சாத்தி."

"இந்த ஓலைக்குப் பதிலாக வேறு ஓலை தருகிறேன். எழுதாத ஓலை."

"இன்று தருவாய். நாளைக்கு இன்னொருவருக்கு இடம் போதாமல் போகும். அவரும் பின்பக்கம் எழுதுவார். இரண்டு பக்கமும் எழுதிய ஓலையில் நிறைய விஷயம் இருக்கும். நிறைய விஷயம் இருப்பதை யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அப்படி நடக்காது என்று நீ சொல்ல முடியுமா?"

குருவி சொன்னதில் தவறு எதுவும் சாத்திக்குத் தெரியவில்லை.

"முடியாது. அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்."

"அப்படியானால் எழுதாதே."

சாத்தி எழுத்தாணியை ஓலையின் பின்பக்கத்தில் ஊன்றி எழுதினாள். குருவி அவள் கை ஓடுவதைக் கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டுப் பறந்து போனது.

கரி பூச நேரமில்லை. காற்று இன்னும் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஆலா சிறகை அடித்துக்கொண்டிருந்தது. சாத்தி ஓலையை அதன் அலகில் வைத்தாள்.

"வெண்ணியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லு. 'பின்பக்கமும் பார்.' அவ்வளவுதான். திருப்பிச் சொல்லு."

"பின்பக்கமும் பார்," என்றது ஆலா, அலகைத் திறக்காமலே.

அது பாதி வழிவரை அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பறந்தது. பிறகு அலைக்கடியில் ஒரு வெள்ளி மீன் கூட்டம் போனது. அலகில் ஓலை இருந்ததால் ஆலாவால் மீனைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் வெகுதூரம் அந்த மீன்களையே நினைத்துக்கொண்டு பறந்தது.

வெண்ணி கரையில் காத்திருந்தாள். ஆலா ஓலையைக் கொடுத்தது.

"அக்கா வேறு ஏதாவது சொன்னாளா?"

"ஏதோ சொன்னாள். எழுதித்தானே இருக்கிறது?"

வெண்ணி ஆறு வரியையும் உரக்கப் படித்தாள். பெண்கள் ஓடிப்போய் வேர் தோண்டினார்கள். ஆண்கள் அடுப்பு மூட்டினார்கள். படித்து முடித்ததும் அவள் ஓலையின் இடது முனையை வலப்பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள். அதில் சில மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எழுத்தைப் போலவும் இருந்தன, இல்லாததைப் போலவும் இருந்தன. பின்பக்கம் எழுதுகிற வழக்கம் எங்கும் இல்லை. ஏதோ குருவி கொத்தியிருக்கிறது என்று எண்ணி ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பானை கொதித்து இறங்கியது. நோயில் கிடந்த பத்துக் குழந்தைகளும் ஒரு பந்தலின் கீழே வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வெண்ணியின் மகள். அம்மாக்கள் கொட்டாங்கச்சியில் மருந்தை ஏந்தி ஆறவைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரையன் வந்து ஒரு கொட்டாங்கச்சியை வாங்கினான். "முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன்," என்றான்.

"அக்கா எழுதியது. தவறாக இருக்காது," என்றாள் வெண்ணி.

"இருக்காது. இருந்தாலும் பெரியவர்கள் ஒருவர் குடித்துப் பார்ப்பது நல்லது."

அவன் ஒரு மடக்கு குடித்தான். கசப்பாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. மறுபடி முயன்றான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

வெண்ணி இடுப்பிலிருந்த ஓலையை உருவினாள். பானையை இறக்கியவள் அவள்தான். கை முழுக்கக் கரி. ஓலையை இறுகப் பிடித்தபோது அவளுடைய கட்டைவிரல் பின்பக்கத்தில் இழுபட்டது. இழுபட்ட இடத்தில் கறுப்பாக எழுத்து எழுந்தது. அவள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். மூன்று வரி முளைத்தது. எல்லாம் தலைகீழாக இருந்தது. முன்பக்கத்தைத் திருப்பினாள், அது நேராக இருந்தது. இப்போது அவள் கீழோரத்தைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினாள். எழுத்து நேரே வந்தது. "முதல் நீரைக் கொட்டிவிடு" என்று அக்காவின் கை எழுதியிருந்தது.

"கொடுக்காதீர்கள்," என்று அவள் கத்தினாள். ஒருத்தி அதற்குள் தன் பையனின் தலையை நிமிர்த்திக் கொட்டாங்கச்சியை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். வெண்ணி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள்.

அன்று மாலைக்குள் மூன்றாவது நீர் கிடைத்தது. நான்கு நாளில் பத்துக் குழந்தைகளும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். திரையனும் பிழைத்துவிட்டான். ஆனால் அவன் நாக்கு திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

காற்று அடங்கியதும் சாத்தி முதல் படகில் தீவுக்குப் போனாள். தங்கையின் வீட்டில் திரையன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்று கைகூப்பினான்.

வெண்ணி ஓலையைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் போட்டாள்.

"பத்துப் பிள்ளைகளும் உன்னால் பிழைத்தார்கள். ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அக்கா. பின்னால் எழுதியிருக்கிறது என்று முன்னால் ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா?"

"இடம் இல்லை, வெண்ணி."

"அந்த ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்க வேண்டும்."

"ஆமாம். விட்டிருக்க வேண்டும்," என்றாள் சாத்தி.

"எந்தப் பக்கமாகத் திருப்புவது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ உன் கைப்பழக்கத்துக்குப் புரட்டினாய். நான் என் கைப்பழக்கத்துக்குத் திருப்பினேன். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கரி படாமல் போயிருந்தால்?"

சாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். திரையன் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு வந்து ஓலையை எடுத்தான். வலை ஊசியால் இரு முனைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு துளை போட்டான். இரண்டு துளையிலும் வலை நூலைக் கோத்து, நூலின் நுனிகளைத் தூணில் கட்டினான். வெண்ணியின் கையைப் பிடித்து ஓலையின் மேல் வைத்தான். அவள் பழையபடி இடது முனையை வலப்பக்கம் திருப்பப் பார்த்தாள். நூல் முறுக்கிக்கொண்டு விடவில்லை. கீழே இருந்த நீள ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஓலை சுலபமாகப் புரண்டது. எழுத்து நேராக வந்து நின்றது. திரையன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள்.

அந்த ஓலையை அவர்கள் குருவிகளுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் நோய் வரலாம் என்று ஊர் பெட்டியில் வைத்துக்கொண்டது.

சாத்தி ஊர் திரும்பியதும் எழுதாத ஓலைகளாக ஒரு கட்டு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்க் கயிற்றில் தொங்கவிட்டாள். குருவிகள் அவற்றைத் தொடவில்லை. அவை பனையின் தலையில் உட்கார்ந்து பச்சை ஓலையை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தன. சாத்தி அவற்றைக் கூப்பிட்டாள். ஒரு குருவி கீழே பார்த்து ஏதோ சொன்னது. கீச்சென்ற சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. மரத்தைக் கேட்டாள். மரமும் பேசவில்லை, காற்றில் ஓலை சலசலத்தது.

குருவி சொன்னபடியே, மற்றவர்களும் பின்பக்கம் எழுதத் தொடங்கினார்கள். மருந்தும் பாட்டும் வழக்கும் பெட்டிகளில் சேர்ந்தன. முன்பக்கத்தின் கடைசி வரியில் 'மறுபக்கம் பார்க்க' என்று எழுதாத எவரையும் சாத்தி மன்னித்ததில்லை.

அன்று முதல்தான் ஏட்டின் இரண்டு பக்கமும் மனிதருக்கு உரியதானது. அதனால்தான் ஓலை போய்க் காகிதம் வந்து, கை போய் இயந்திரம் அச்சிடும் இந்த நாளிலும், தாளின் இருபுறமும் அச்சிடச் சொன்னால் அந்த இயந்திரம் முதலில் "நீள ஓரத்தில் புரட்டவா, குறுகிய ஓரத்தில் புரட்டவா?" என்று கேட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்து நிற்கிறது.