ராம் பத்தலை

காவிரிக் கரையில் ஒரு சிறிய மடம். அதை நடத்தியவர் பெயர் உமையாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவரைவிட மூத்த சீடர்களும் அவரை அக்கா என்றுதான் அழைத்தார்கள். தாயே, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் அக்கா நிலைத்துவிட்டது.

மடத்துக் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு சீடர்கள் வேலை பார்த்தார்கள். தெய்வநாயகம் வேகமானவர். நடையிலும் வேகம், பேச்சிலும் வேகம். தியானத்தில் உட்கார்ந்தால்கூட எல்லோருக்கும் முன்னால் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஐயாறப்பன் அவருக்கு மூத்தவர். மடத்தை முன்பு நடத்திய பெரியவர் மறைந்த பிறகு, அவருடைய பழைய பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கும் வேலை இவர்கள் இருவருக்கும் வந்தது. ஐயாறப்பன் கேட்டுச் சொல்வார். தெய்வநாயகம் தட்டுவார்.

பிறகு ஐயாறப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை. பேச்சு இருந்தது, ஆனால் ஒரு சொல்லுக்குப் பின்னால் அடுத்த சொல் வருவதற்குள் கேட்பவர் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி கொடுப்பதும் வேட்டி மாற்றுவதும் தெய்வநாயகம்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உதவிக்கு வந்தவர்களையும், "விடுங்க, நீங்க செஞ்சா நேரமாகும்" என்று அனுப்பிவிட்டார். ஒருமுறை அக்காவே வந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னார். ஐயாறப்பன் பேச ஆரம்பித்தால் மீதி வாக்கியத்தை இவரே சொல்லி முடித்துவிடுவார். அவரும் தலையாட்டிவிடுவார். சரி என்று ஆட்டினாரா, போகட்டும் என்று ஆட்டினாரா என்று தெய்வநாயகம் பார்த்ததில்லை.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. தெய்வநாயகம் களைத்துப் போனார். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது.

கம்ப்யூட்டரும் களைத்துப் போயிற்று. நீளமான பதிவைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். கடைத்தெருவிலிருந்து பழுது பார்க்கிற பையன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"ராம் பத்தலை சார்," என்றான். கம்ப்யூட்டர் தன் வேலையை நினைவில் வைத்துக்கொள்ளும் சின்னப் பலகைக்கு அந்தப் பெயர்.

ஐயாறப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ராம்... பத்தலைன்னா..."

"வாங்கிடலாம்ண்ணே," என்றார் தெய்வநாயகம். பையனோடு பேசிக்கொண்டே வாசல்வரை போய்விட்டார். அந்தப் பக்கமாக வந்த அக்கா, ஐயாறப்பன் சொல்லி முடிக்கும்வரை கதவோரம் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் தஞ்சாவூர்க் கடையில் தெய்வநாயகம் புது ராம் ஒன்று வாங்கினார். பழையதும் புதியதும் ஒரே அளவு. ஆனால் பழையது மெதுவானது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் புதியதும் பழையதின் வேகத்துக்கு இறங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அந்த வார்த்தை அவரோடு பஸ்ஸிலும் கூடவே வந்தது. கும்பகோணத்தில் அவர் விசாரித்து வைத்திருந்த ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலியாகியிருப்பதாக அன்றுதான் போன் வந்திருந்தது. மாலைக்குள் சரி என்றால் போதும், வேன் வந்து ஐயாறப்பனை அழைத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டு கேள்வியோடு மடத்துக்கு வந்தவர் அக்காவிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"பழைய ராமை எடுத்துடலாமா அக்கா?"

அக்கா அன்று காலையிலிருந்து வந்தவர்களின் குறைகளைக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். ஆனாலும் எழுந்து கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"எடுத்துட்டுப் புதுசை மட்டும் போட்டுக் காட்டுங்க."

போட்டார். கம்ப்யூட்டர் சட்டென்று விழித்தது. தெய்வநாயகத்தின் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

"சிவராத்திரிப் பேச்சைத் திறங்க."

அதுதான் இருப்பதிலேயே நீளமான பதிவு. திறந்தார். பாதி வந்தது, நின்றுவிட்டது.

"வேகமா வந்து நின்னுடுச்சு," என்றார் அக்கா. "இப்ப ரெண்டையும் போடுங்க."

போட்டார். இந்த முறை கொஞ்சம் நிதானமாகத்தான் விழித்தது. சிவராத்திரிப் பேச்சு திறந்தது. மறைந்த பெரியவர் இருமினார், பேச ஆரம்பித்தார், பேசிக்கொண்டே இருந்தார்.

தெய்வநாயகத்துக்கு மனசு ஆறவில்லை. "ஆனா புதுசோட வேகம் வீணாப் போகுதே அக்கா."

"அப்படின்னு புதுசு வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?"

தெய்வநாயகம் பெரியவரின் குரலை நிறுத்தினார்.

"நான் சொல்றேன் அக்கா," என்றார். "முடியலை."

கும்பகோணத்து இல்லத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே நர்ஸ் உண்டு, டாக்டர் வருவார் என்று சொன்னார். ஒரு கிண்ணம் கஞ்சி இறங்குவதற்குள் தனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது என்று சொன்னார். ஒருநாள் கரண்டியைச் சுவரில் எறிந்துவிட்டதாகவும், ஐயாறப்பன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்ததாகவும் சொன்னார்.

அக்கா கடிந்துகொள்ளவில்லை. முழுக்கக் கேட்டார்.

"அனுப்பணும்னா அனுப்பலாம். அதுல ஒண்ணும் பாவமில்லை. நேத்து ராம் பத்தலைன்னதும் அவர் என்னவோ சொன்னாரே, அது என்ன?"

"ராம் பத்தலைன்னா வாங்கணும்னு சொன்னார்."

"அது நீங்க சொன்னது. அவர் சொன்னதைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் போன் பண்ணிக்கலாம்."

ஐயாறப்பன் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெய்வநாயகம் எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, நேத்துக் கம்ப்யூட்டர் பார்க்க வந்த பையன்கிட்ட என்னமோ சொல்ல வந்தீங்களே. என்னது?"

ஐயாறப்பன் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்த்தார்.

"ராம்..."

தெய்வநாயகத்தின் நாக்கு நுனிவரை மீதி வாக்கியம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பத்தலைன்னா..."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொடியில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, எடுக்க வேண்டும். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஐயாறப்பனின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. வலி என்றுதான் தெய்வநாயகம் முதலில் நினைத்தார். அது சிரிப்பு.

"சிவனைப்... போட்டுப்..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது.

"பாருன்னேன்."

தெய்வநாயகத்துக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். ஐயாறப்பனும் தோள் குலுங்கினார். தன் கேலி போய்ச் சேர்ந்ததைப் பார்த்த மகிழ்ச்சி அவர் முகத்தின் நல்ல பாதியில் அப்படியே தெரிந்தது. இரண்டு வருடமாக இந்த மனிதர் இப்படி எத்தனை சொல்ல வந்தாரோ என்று நினைத்தபோது தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பி வந்தார். போன் பையிலேயே இருந்தது. அக்கா திறந்திருந்த பெட்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சொன்னாரா?"

"சொன்னார் அக்கா. சிரிச்சேன்." சுவரில் சாய்ந்துகொண்டார். "ஆனா களைப்பு அப்படியேதான் இருக்கு. பொய் சொல்லத் தெரியலை."

அக்கா பெட்டிக்குள்ளே விரலால் காட்டினார். "ராம் போடறதுக்கு இதுல இன்னும் இடம் இருக்கா?"

"ரெண்டு இடம் இருக்கு. காலியா."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒண்ணுல என்னைப் போட்டுப் பாருங்க. நானும் மெதுவான ஆளுதான். அந்தக் கஞ்சிக் கிண்ணம் எங்கே?"