மேற்கு மலையைத் தானம் செய்த புலி

கொடுவரி என்ற ஆண்புலி ஒரு காட்டை ஆண்டு வந்தது. புலிகளுக்கு வேலி கிடையாது. எல்லையில் நிற்கும் மரங்களின் மேல் தினமும் சிறுநீரைப் பீய்ச்சிவிட்டு வரும். அந்த வாடைதான் வேலி. வாடை அடிக்கும் வரை வேறு புலி உள்ளே காலை வைக்காது.

கொடுவரிக்கு வயது ஏறியது. கொஞ்ச நாளாக மரத்தடியில் நின்றால் வேலை சட்டென்று முடியவில்லை. முக்கி முக்கிப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக வரும். முடிந்தது என்று நாலடி நடந்தால் மறுபடியும் முட்டும். ஒரே மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் மேற்கு மலைக்கு எப்போது போவது?

போகவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம். மேற்கு மலையை மான்களுக்குத் தானம் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. மான்கள் துள்ளிக் குதித்தன. காடே அதை வள்ளல் என்றது. பாவம், அந்தப் பட்டம் வந்த பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அடுத்து மூங்கில் காட்டையும் தானம் செய்ய வேண்டியதாயிற்று.

அதன் மனைவி செவ்வரிக்கு மட்டும் சந்தேகம். மான்கறி தின்கிற புருஷனுக்கு மான்கள் மேல் என்ன திடீர்ப் பாசம்? ஒரு நாள் காலை பின்னாலேயே போய்ப் பார்த்தது. கொடுவரி கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றது. செவ்வரிக்கு விஷயம் புரிந்தது. கரடி வைத்தியர் உளியனிடம் போகலாம் என்று கெஞ்சியது.

"வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான்" என்றது கொடுவரி. "அந்தக் கரடி பச்சிலையைத் தின்னச் சொல்லும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது, தெரியுமா?"

"பசிக்குத்தானே அப்படிச் சொன்னார்கள்? நோய்க்குச் சொல்லவில்லையே!" என்றது செவ்வரி.

அப்படியும் கொடுவரி வைத்தியரிடம் போகவில்லை.

மேற்கு மலையில் வாடை மங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இளம்புலி ஒன்று மோந்து பார்த்துவிட்டு, தாராளமாக உள்ளே வந்து மான்களை வேட்டையாடத் தொடங்கியது. செய்தி கேட்டுக் கொடுவரி உறுமியது. ஆனால் எழ முடியவில்லை. அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. காடு போவது இருக்கட்டும், உயிரே போய்விடும் போலிருந்தது. செவ்வரி அதைத் தாங்கித் தாங்கி உளியனிடம் கொண்டுபோனது.

உளியன் முதலில் மெல்லிய நாணல் குழாயைச் செலுத்தி, அடைபட்ட நீரை வெளியேற்றியது. கொடுவரிக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. பிறகு உளியன் விசாரித்தது. முக்க வேண்டியிருந்ததா, சொட்டியதா, போய் வந்ததுமே மறுபடி முட்டியதா, இரத்தம் கலந்து வந்ததா? இரத்தத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிய கொடுவரி, இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வியந்தது.

"போன மாதம் காட்டெருமை வந்தது. அதற்கு முன்னால் கொம்பன் யானை" என்றது உளியன். "வயதான ஆண்களுக்கு உள்ளே ஒரு சுரப்பி வீங்கி வழியை நெருக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சொட்ட ஆரம்பித்தபோதே வந்திருந்தால் பச்சிலையோடு போயிருக்கும். இன்றைக்கும் வீம்பு பிடித்திருந்தால் என்னாலும் காப்பாற்றியிருக்க முடியாது."

பச்சிலை வேம்பாய்க் கசந்தது. புலி மறு பேச்சில்லாமல் தின்றது. உடம்பு தேறியதும் மேற்கு மலை வரை நடந்து, மரம் மரமாகப் பீய்ச்சியது. அடடா, என்ன சுகம்! இளம்புலி மோந்து பார்த்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தது.

தானம் என்ன ஆயிற்று என்று மான்கள் கேட்டன.

"தானமும் இல்லை, தர்மமும் இல்லை. எனக்குச் சிறுநீர் போகவில்லை. சொல்ல வெட்கப்பட்டு நாடகமாடினேன்" என்று காட்டின் முன்னால் சொன்னது கொடுவரி.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கிழட்டுக் காட்டுப்பன்றி ஒன்று மெல்லப் பக்கத்தில் வந்து, "அந்தக் கரடி வீடு எந்தப் பக்கம் அண்ணே?" என்று காதோடு கேட்டது.

உடம்பு காட்டும் குறையை வீம்பால் மறைக்காமல், காலத்தோடு வைத்தியரிடம் சொல்வதே வீரம்.