தூங்கத் தெரியாத உலோகம்

“ஒண்ணுமில்லாததையே எத்தனை தடவைதான் மேடம் பார்க்கறது?” என்று கேட்டார் சிவசைலம்.

அவர் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒரு பலகைமேல் மல்லாந்து படுத்திருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

பிலோமினா கையை நீட்டினார். டார்ச்சை வாங்கி, அதன் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பவும் அவர் கையில் கொடுத்தார்.

சிவசைலம் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பதைத் தாண்டியவர். ஹெலிகாப்டர் இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர்.

பிலோமினா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் பழைய விமானங்களைப் பார்த்து, ‘இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடும் உரிமை அவரிடம்தான் இருந்தது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள சிவசைலம் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

பல்லடத்துக்குத் தெற்கே, சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு தனியார் ஓடுதளம். தகரக் கூரை போட்ட ஒரு ஹேங்கர். உள்ளே ஒரே ஒரு விமானம்.

முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் படையில் பயிற்சி விமானமாக இருந்தது. எத்தனையோ பேர் வானத்தில் குட்டிக்கரணம் அடிக்க அதில்தான் கற்றுக்கொண்டார்கள். தலைகீழாகப் பறந்தார்கள். சுழன்று விழுந்தார்கள். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

படை அதைக் கழித்துக் கட்டியபோது ரங்கதுரை ஏலத்தில் எடுத்தார். அவர் அந்த விமானத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். இப்போது அறுபது கடந்துவிட்டது. இன்னும் அதில் குட்டிக்கரணம் அடிக்கிறார்.

“படையில இந்தத் தலைவலியே கிடையாது மேடம்” என்றார் சிவசைலம். “ஒரு பாகம் இத்தனை மணி நேரம் பறக்கலாம்னு கணக்கு இருக்கும். முடிஞ்சா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவோம். யோசிக்கவே வேண்டாம். இங்க எங்க போறது புதுசுக்கு? செஞ்சவங்களே செய்யறதை நிறுத்திட்டாங்க.”

“ஆமா.”

“அப்ப நாம செய்யறது என்னதான்?”

“பார்க்கிறோம்.”

“பார்த்துப் பார்த்து கண்ணு மட்டுமில்ல, மனசே சோர்ந்துபோச்சு.”

“இதுக்கும்தான்.”

“எதுக்கு?”

பிலோமினா இறக்கையின்மேல் கையை வைத்தார். “இதோட நோய்க்கும் அதே பேர்தானே. உலோகச் சோர்வு.”

சிவசைலம் பலகையோடு உருண்டு வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது.

“நீங்க தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்” என்றார் பிலோமினா. “இதுக்குத் தூங்கத் தெரியாது. ஒவ்வொரு தடவை வளைஞ்சபோதும் பட்டதை அப்படியே வெச்சிருக்கும்.”

“எங்க வெச்சிருக்கும்?”

“அதைத்தானே தேடறோம்.”

*

மதியம் ரங்கதுரை வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஹேங்கருக்குள் நுழைவது அவர் வழக்கம்.

“ஏனுங்க மேடம், ஞாயித்துக்கிழமைக்கு ஆயிருங்களா?”

“பார்த்துட்டுச் சொல்றேன் சார்.”

“சாலமன் வரேங்கறான்.”

பிலோமினாவுக்கு சாலமனைத் தெரியாது. ரங்கதுரையே சொன்னார். இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். சாலமன் நல்ல விமானி. இப்போது பார்வை மங்கிவிட்டது. உடம்பிலும் நோய். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

“ஒரே ஒரு தடவை பின் சீட்டுல உக்கார வெச்சு ஒரு குட்டிக்கரணம் அடிச்சுக் காட்டுடாங்கறான். கண்ணு தெரியாட்டி என்ன, வயித்துக்குத் தெரியுமில்லங்கறான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“நீங்க சரின்னு சொன்னாத்தான் அவன் ரயில் ஏறுவான். ராத்திரி பூரா ரயில்ல வரோணும்.”

பிலோமினா தலையசைத்தார். ரங்கதுரை விமானத்தின் மூக்கை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

மிச்சம் ஒரு வேலைதான். இறக்கையை உடம்போடு பிணைக்கும் இரும்புப் பிடி. அதன் கீழ்ப்பக்கம். வானத்தில் கரணம் அடிக்கும்போது முழுச் சுமையும் வந்து விழும் இடம் அதுதான்.

அங்கே சிவப்புச் சாயத்தைப் பூச வேண்டும். காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால், உள்ளே போன சாயம் கசிந்து வெளியே வரும். வெள்ளையில் சிவப்புக் கோடு.

இடது பக்கம் சிவசைலம் நிதானமாகச் செய்தார். ஒன்றுமில்லை.

வலது பக்கம் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தகரக் கூரையின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு விட்டுப்போயிற்று. கழுத்தை நிமிர்த்தவே முடியவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்து, “ஒண்ணுமில்ல மேடம்” என்றார்.

“வலது பக்கம் என்ன பார்த்தீங்க?”

“விரிசல் இல்ல.”

“அதை நான் கேக்கல. என்ன பார்த்தீங்க?”

சிவசைலம் யோசித்தார்.

“வெள்ளையா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“வெள்ளையா இருந்தா விரிசல் இல்லைன்னுதான அர்த்தம்?”

பிலோமினா அவர் கையிலிருந்து டார்ச்சை வாங்கி அணைத்தார்.

“வீட்டுக்குப் போங்கண்ணே. சாப்பிட்டுத் தூங்குங்க.”

“கையெழுத்து?”

“காலையில பார்த்துக்கலாம்.”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

“தூங்குங்க” என்றார் பிலோமினா மறுபடியும். பெட்டியை மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

சிவசைலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எந்த அதிகாரியும் அவரைப் பாதி வேலையில் வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ரங்கதுரைக்குப் போன் செய்தார்.

“எல்லாம் பார்த்தாச்சு சார். ஒண்ணுமில்ல. உங்க பிரெண்டை வரச் சொல்லுங்க.”

“மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?”

“காலையில போட்டுருவாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்.”

போனில் ரங்கதுரையின் குரல் இளகியது. “ரொம்ப சந்தோஷமுங்க” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அறைக்குப் போன சிவசைலம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் விழுந்தார். நாளைக் காலை போய், இந்த வேலை எனக்கு வேண்டாம் மேடம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தார். அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

*

காலையில் ஹேங்கர் திறந்திருந்தது. பிலோமினா இன்னும் வரவில்லை. காவலர் ஓடுதளத்தில் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

சிவசைலம் தன் ஸ்பேனர்களை எடுத்துக்கொள்ளக் குனிந்தார்.

வலது இறக்கைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், ஒரு திட்டு. வெளிர் சிவப்பு. ஓடிப்போய் ஓரத்தில் காய்ந்திருந்தது.

இடது இறக்கைக்குக் கீழே தரை சுத்தமாக இருந்தது.

அவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

சாயத்தைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துணியைச் சாயம் கரைக்கும் மருந்தில் கொஞ்சமாக நனைத்து, மேலாகத் துடைக்க வேண்டும். மருந்தை நேராகப் பீய்ச்சி அடித்தால் மேலே இருப்பதும் போய்விடும், விரிசலுக்குள் போனதும் கழுவிக்கொண்டு தரையில் ஒழுகிவிடும். இதைப் படையில் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நேற்று வலது பக்கத்தை எப்படித் துடைத்தோம் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். இடது பக்கம் ஞாபகம் இருந்தது. துணி, விரல், பிடியின் வளைவு எல்லாம். வலது பக்கம் எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

ஸ்பேனர்களைத் தரையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பலகைமேல் படுத்து உள்ளே போனார்.

நேற்றைய பொடியை முழுக்க எடுத்தார். சுத்தம் செய்தார். காயவிட்டார். சாயம் பூசினார். காத்திருந்தார். வெளியே ஒரு மயில் அகவியது. துணியால் ஒரே திசையில் துடைத்தார். துணியின் வேறு இடத்தால் மறுபடி துடைத்தார். வெள்ளைப் பொடி அடித்தார்.

முதலில் ஒன்றும் வரவில்லை.

பிறகு பிடியின் வளைவில், ஆணித் துளையின் ஓரத்தில், ஊசி குத்தினாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் சேர்ந்து கோடாயின. அரிசி நீளம்.

நேற்று மாலை பஸ் நிறுத்தத்தில் நின்று பேசியது காதில் கேட்டது.

உடனே ரங்கதுரைக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுக்கவில்லை.

*

பிலோமினா வந்து, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்களுக்கு நேத்தே தெரியுமா மேடம்?”

“விரிசல் இருக்கிறது தெரியாது.”

“அப்ப ஏன் வீட்டுக்குப் போகச் சொன்னீங்க?”

“என்ன பார்த்தீங்கன்னு கேட்டேன். பார்க்காததைச் சொன்னீங்க.”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ரங்கதுரைக்குப் போன் செய்ததைச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் நின்று என்ன பேசினாரோ அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

பிலோமினாவின் முகம் மாறியது. ஆனால் எதுவும் சொல்ல நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

ரங்கதுரை இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார். தொளதொளவென்ற சட்டையில் ஒரு ஒல்லியான மனிதர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரயிலின் களைப்பு முகத்தில் இருந்தது. தகரக் கூரையின் கீழே வந்ததும் மூச்சை இழுத்தார்.

“அதே வாசனைடா துரை” என்றார் சாலமன்.

பிலோமினா சுற்றி வளைக்கவில்லை. “சார், விரிசல் இருக்கு. பறக்க முடியாது” என்றார்.

ரங்கதுரை குனிந்து பார்த்தார். மூட்டு வலியோடு மண்டியிட்டு, டார்ச்சை வாங்கி, இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

“இத்தனூண்டுதானுங்களா?”

“இத்தனூண்டுதான்.”

“கரணம் வேண்டாமுங்க. நேரா ஒரு சுத்து. அவ்வளவுதான்.”

“உங்ககிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் இப்படிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

ரங்கதுரை எழுந்திருக்கவில்லை.

“மாத்த முடியுங்களா?”

“வேற பிடி கிடைச்சா முடியும்.”

“கிடைக்கோணுமே.”

“ஆமா. கிடைக்கணும். மாசக்கணக்கா ஆகலாம்.”

ரங்கதுரை சாலமன் பக்கம் பார்த்தார். அத்தனை மாதம் யாரிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“எங்கடா அது?” என்று கேட்டார் சாலமன்.

ரங்கதுரை அவரைக் குனிய வைத்து, கையை இரும்புப் பிடியின்மேல் கொண்டுபோய் வைத்தார். சாலமன் விரல் நுனியால் தடவினார். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது.

“ஒண்ணும் தட்டுப்படலையே.”

“தட்டுப்படாதுங்க” என்றார் பிலோமினா.

சாலமன் நிமிர்ந்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “சரி, வந்ததுக்கு உக்காரவாவது உக்காரறேன்” என்றார்.

பிலோமினாவும் சிவசைலமும் இரண்டு பக்கமும் தாங்கி, அவரைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். எடையே இல்லை. அவர் பெல்ட்டைத் தானே தேடி மாட்டிக்கொண்டார். கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடித்தார். கால்கள் தாமாகவே மிதிகளில் போய் அமர்ந்தன.

ரங்கதுரையால் அதைப் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கத்தில் சிவசைலம் நின்றிருந்தார்.

“நீங்கதானுங்களே போன்ல சொன்னீங்க. ஒண்ணுமில்லை, வரச் சொல்லுங்கன்னு. இந்த உடம்போட அவன் ராத்திரி பூரா உக்காந்தே வந்திருக்கான்.” அவர் இறக்கையைக் காட்டினார். “நேத்து இல்லாதது ஒரே ராத்திரில எப்படிங்க வந்துச்சு?”

சிவசைலம் பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா விமானத்தின்மேல் சாய்ந்து, சாலமனின் பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று சொல்லலாம். பழைய விமானம், எப்போது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். ரங்கதுரை அதை நம்பியும் விடுவார்.

“நேத்தும் இருந்துச்சு சார்” என்றார் சிவசைலம். “நான்தான் இல்ல.”