பல்லைக் கடித்த கரடி

மலையடிக் காட்டில் ஒரு கரடி இருந்தது. அதற்குத் தேன் என்றால் உயிர். அடையை மெழுகோடு விழுங்கும். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் அப்படியே படுத்துத் தூங்கிவிடும்.

ஒருநாள் அதன் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. ஈறெல்லாம் சிவந்து வீங்கியது. கன்னம் உப்பிக்கொண்டது.

"பல் டாக்டர் இருவாச்சிப் பறவைகிட்டப் போகட்டுமா?" என்று கரடி மந்தியிடம் கேட்டது.

கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் யோசனை சொல்வதுதான் மந்தியின் வேலை. "போயிடாதீங்க அண்ணே! அந்தம்மா எல்லாப் பல்லையும் பிடுங்கிடும். பொக்கை வாய்க் கரடியைப் பார்த்தா முயல்கூடப் பயப்படாது! பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கங்க!"

பாவம், கரடிக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்துதான் பழக்கம். அன்று முழுக்கப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. வலிக்கிற பல்லையே கடித்தால் என்ன ஆகும்? மறுநாள் வாயைத் திறக்க முடியவில்லை. காய்ச்சல் அனலாய் அடித்தது. ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

மந்தி வந்து பார்த்தது. "ஐயோ அண்ணே, நான் ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்!" என்று அலறியபடி இருவாச்சியைக் கூப்பிட ஓடியது.

இருவாச்சி உடனே பறந்து வந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. "உள்ளே சீழ் வச்சிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து!" என்றது.

"எல்லாத்தையும் பிடுங்கிடுவீங்களா டாக்டரம்மா?" என்று கரடி கண்ணீரோடு முனகியது.

"ஒண்ணே ஒண்ணுதான்! மத்ததைக் காப்பாத்தத்தானே நான் வந்திருக்கேன்!"

இருவாச்சி அக்கரகார வேரை நசுக்கி ஈறுகளில் தடவியது. வாய் மரத்துப்போனது. கரடி மெல்ல வாயைத் திறந்தது. மந்தி அதன் தாடையைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தது. ஆனால் வேடிக்கை பார்க்கும் குணம் விடுமா?

இருவாச்சி முதலில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் படிந்திருந்த காரையை அலகு நுனியால் சுரண்டி எடுத்தது. ரத்தம் கசிந்தது.

"ஈறு சத்தம் போடாம கெடும். வலி கடைசியிலதான் வரும். பல்லு விளக்கும்போது ரத்தம் வந்தா உடனே என்கிட்ட வந்துடணும்!" என்றது.

மந்தி திடுக்கிட்டது. நாக்கால் தன் ஈறுகளைத் தடவிப் பார்த்தது. ரத்தத்தின் ருசி! அது ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

இருவாச்சி சீழை வடித்தது. அழுகிய பல்லை அலகால் கவ்வி இப்படியும் அப்படியும் அசைத்தது. சடக்! பல் வந்துவிட்டது. அதன் வேர் முழுக்கக் கறுத்திருந்தது.

பல் இருந்த குழியில் சுத்தமான இலையைச் சுருட்டி வைத்து, "இப்போ கடி! இப்பத்தான் கடிக்கணும்!" என்றது இருவாச்சி.

ரத்தம் நின்றது. மறுநாளே வீக்கமும் வடியத் தொடங்கியது. கரடி ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்தது. "இறங்குது டாக்டரம்மா, தண்ணி இறங்குது! நீங்க நல்லா இருக்கணும்!" என்று அழுதது.

மந்தி கூச்சத்தோடு முன்னால் வந்தது. "என் வாயையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றது.

இருவாச்சி பார்த்தது. "நல்ல வேளை! சுத்தம் பண்ணினாப் போதும். ஒரு பல்லும் போகாது" என்றது.

சுத்தம் செய்து முடித்ததும் மந்தி நேராகக் கரடியிடம் போய் அதன் காலைக் கட்டிக்கொண்டது. "நான் உங்களுக்குக் கெட்ட யோசனை சொன்னேன். உங்க வாயைப் பார்த்துத்தான் நான் பிழைச்சேன் அண்ணே!"

"அப்போ என் பல்லு வீணாப் போகலை!" என்று கரடி ஓட்டைப் பல் தெரியச் சிரித்தது.

நோயை மறைக்காமல் தக்கவரிடம் காட்டுகிறவர் தாமும் பிழைக்கிறார், பார்த்து நிற்பவரையும் பிழைக்க வைக்கிறார்.