துளி வெளிச்சம் தெரியாத சன்னல்

ஆலங்கிணற்றுக்காரர்கள் மூளையை அநாவசியமாகச் செலவு செய்வதில்லை. அதனால் அது எல்லோரிடமும் பிறந்தபோது இருந்தபடியே புதுசாக இருந்தது. தச்சுப்பட்டறை வெயிலுமுத்துவிடம் இன்னும் கொஞ்சம் புதுசாக.

தையல்கார இசக்கியம்மா கட்டுகிற வீட்டுக்கு முதலில் ஒரே ஒரு சன்னல் கேட்டாள். "ஊசியில நூல் கோக்க வெளிச்சம் வேணும். சட்டம் கோணாம இருந்தா வீட்டு மரவேலை மொத்தமும் உனக்கு. கோணுச்சோ, டவுன்காரனுக்கு."

அன்றிலிருந்து வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. மரம் அறுக்கிற கட்டிங் மிஷின் ஒன்றை வாங்கி வந்தான்.

விற்றவர் பொறுமையாகத்தான் சொல்லி அனுப்பினார்: "கோணாம அறுக்கணும்னா முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க. 'எல்' மாதிரி இருக்கிற மூலைமட்டத்தோட ஒரு கையை மரம் சாயுற தடுப்புல வைங்க, மறு கை பிளேடுல ஒட்டணும். நடுவுல துளி வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிஞ்சா தடுப்பை நகர்த்திச் சரிபண்ணுங்க. அறுத்த ரெண்டு துண்டுல ஒண்ணைப் புரட்டிப் போட்டுச் சேர்த்துப் பாருங்க. தப்பு இருந்தா ரெண்டு மடங்காத் தெரியும்."

பிளக்கைப் பிடுங்கும் பொறுப்பைக் கூட்டாளி சங்கிலிபூதம் ஏற்றான். சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியும் கூடவே வந்தது. எதையும் அரைகுறையாகச் செய்யாதவன்.

வெயிலுமுத்து மூலைமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தான். "ஏல, வெளிச்சம் தெரியுதுல!"

"எங்கேருந்து வருது?"

"வாசல் வழியா."

"பின்ன என்ன, கதவைச் சாத்து."

சாத்தினார்கள். அப்படியும் ஓட்டுச் சந்து வழியே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சாக்கை வைத்து அடைத்தார்கள். பட்டறை கும்மிருட்டானது. வெயிலுமுத்து மறுபடியும் குனிந்தான். துளி வெளிச்சம் இல்லை! தடுப்பைத் தொடக்கூடத் தேவைப்படவில்லை. என்ன அருமையான மிஷின்!

பக்கத்துக் கடையிலிருந்து வயர் இழுத்து மரத்தை அறுத்தார்கள். துண்டைப் புரட்டும் கட்டம் வந்ததும் சங்கிலிபூதம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புரட்டினா தப்பு ரெண்டு மடங்கு ஆயிடும்னாரே?"

"ஆமா."

"இருக்கிற தப்பு போதாதா? நாமளா எதுக்குப் பெருக்கணும்?"

வெயிலுமுத்து துண்டை மெதுவாகக் கீழே வைத்தான். எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தோம்! விவரம் தெரியாதவர்கள் யாரும் தொட்டுவிடாதபடி, ஒவ்வொரு துண்டிலும் "புரட்டாதே" என்று சாக்பீஸால் எழுதி வைத்தார்கள்.

சட்டத்தைச் சுவரில் பொருத்திய அன்று இசக்கியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னல இது, காத்துல சாஞ்ச வாழை கணக்கா நிக்குது? சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது பாரு!"

வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு வழி தெரிந்திருக்காது.

"இவ்வளவுதானாக்கா? உள்ளேயே இருங்க."

வெளியே போய் சன்னல் மொத்தத்தையும் பலகையால் மூடி ஆணி அடித்தார்கள். விளிம்பெல்லாம் சிமெண்ட் பூசினார்கள்.

"அக்கா, துளி வெளிச்சம் தெரியுதா?"

"பாவிகளா! கையில இருக்கிற ஊசியே தெரியலையே!"

"பாத்தியால, ஒத்துக்கிட்டாங்க," என்று சங்கிலிபூதத்தின் முதுகில் தட்டினான் வெயிலுமுத்து.

"எனக்கு வெளிச்சம் வேணும்ல!"

"அதுக்குப் பக்கத்துல இன்னொரு சன்னல் வைக்கணும்க்கா. அதையும் எங்ககிட்டயே குடுங்க," என்றான் வெயிலுமுத்து, பலகையில் வாயை வைத்து, பணிவாக. "இதைவிட இருட்டாச் செஞ்சு தாரோம்."