விழக் கற்றுக்கொடுத்த கரடி

அல்லிக்குளத்தின் மேல்கரையில் ஒன்று, கீழ்கரையில் ஒன்று என்று குட்டிகளுக்கான ரக்பி சங்கங்கள் இரண்டு இருந்தன. மேல்கரைச் சங்கத்துக்கு ஒரு நரி செயலாளர். கீழ்கரைக்குக் கருப்பாயி என்ற கரடிதான் எல்லாம்.

உரிக்காத தேங்காய்தான் அங்கே பந்து. அதை ஏந்திக்கொண்டு ஓடி, எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஒரு புள்ளி. வீசுவதென்றால் பின்னால் வருகிறவருக்கு மட்டுமே வீசலாம். பிடித்துச் சாய்த்துவிட்டார்களா, விழுந்த கையோடு தேங்காயை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்!

அந்த ஆண்டு யானைக் கூட்டத்தின் தலைவி இரண்டு சங்கங்களுக்கும் ஒரே அளவு கிழங்கும் தேனும் கொடுத்தாள்.

"இது குட்டிங்களை வளர்க்கறதுக்கு. மழை விட்டதும் ரெண்டு கரையும் மோதுங்க. ஜெயிக்கிற சங்கத்துக்குத்தான் அடுத்த வருஷம் தருவேன். தோத்த சங்கத்தை மூடிடணும்!" என்றாள்.

நரிக்குக் குறுக்குவழி தெரியாத காரியமே கிடையாது. நேரே மலைக்குப் போய், மொத்தையன் என்ற காட்டெருமைக் கன்றைப் பேசி அழைத்து வந்தது. கன்று என்று சொன்னால் கன்றுதான், பார்த்தால் பாறை! கிழங்கும் தேனும் அத்தனையும் அவன் வயிற்றுக்குள் போயின. மேல்கரையின் பன்றிக்குட்டிகள் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றன.

"அவன் ஓடுவான். நீங்க கை தட்டினா போதும்!" என்றது நரி.

கருப்பாயியிடம் இருந்தவை சில முயல்குட்டிகளும் கீரிக்குட்டிகளும்தான். ஒரு முள்ளம்பன்றியும் ஆசையாக வந்தது. அதைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் இரண்டு கரையும் பேசி அதை நடுவராக்கிவிட்டார்கள். நடுவரோடு மல்லுக்கு நிற்க இனி யார் வருவார்கள்?

கருப்பாயி கிழங்கில் ஒரு பங்கைக் கொடுத்துப் பறவைகளிடம் காய்ந்த புல் வாங்கினாள். அதை மைதானமெங்கும் மெத்தென்று பரப்பினாள். மீதி கிழங்கும் தேனும் பயிற்சி முடிந்ததும் எல்லாக் குட்டிகளுக்கும் சாப்பாடு. பயிற்சியோ தினமும் ஒன்றுதான்.

"தாடையை நெஞ்சோட ஒட்டு! தோளைக் கொடு! விழு! தேங்காயை விடு! உருண்டு எழுந்திரு! பின்னாடி வர்றவ எடுத்துக்கிட்டு ஓடு!"

மேல்கரையிலிருந்து நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "விழறதுக்கும் ஒரு டீச்சரா! தேனைத் தின்னுட்டுப் புல்லுல புரள்றாங்கப்பா!"

காடே சிரித்தது. வெள்ளைச்சி என்ற முயல்குட்டியின் அம்மா அதைத் தாங்க முடியாமல் ஓடி வந்தாள்.

"கருப்பாயி அக்கா, என் பொண்ணு ஓடப் பொறந்தவ. அவளைப் போய் விழச் சொல்றீங்களே! அந்தத் தடியன் இவ மேல விழுந்தா என்ன மிஞ்சும்? நான் கூட்டிட்டுப் போறேன்!"

"கூட்டிட்டுப் போ. ஆனா நாளைக்கு அவ எங்கயாவது விழாம இருப்பாளா? விழத் தெரிஞ்சவளுக்கு அடி படாது. எனக்கு அதுல துளிகூடச் சந்தேகம் இல்ல" என்றாள் கருப்பாயி.

அம்மா மகளைப் பார்த்தாள். வெள்ளைச்சி அம்மாவின் கையை விட்டுவிட்டுப் புல்லுக்கே ஓடிப்போனாள்.

மழை விட்டது. ஆட்டம் தொடங்கியது. மொத்தையன் தேங்காயை இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்! பாய்ந்து நெஞ்சைப் பிடித்த கீரிகள் நாலாபுறமும் சிதறின. மேல்கரைக்கு ஒரு புள்ளி. நரிக்கு வாயெல்லாம் பல்.

கருப்பாயி மைதானத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். சங்கம் போய்விட்டால் இந்தக் குட்டிகள் எங்கே போகும்? உடனே கண்ணால் எண்ணிப் பார்த்தாள். சிதறிய குட்டிகள் அத்தனையும் உருண்டு எழுந்து நின்றன. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை! அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"மேல பாயாதீங்கடா! கணுக்காலைப் பிடிங்க!" என்று முழங்கினாள்.

மொத்தையன் மறுபடி வந்தான். வெள்ளைச்சி குனிந்து ஒரு காலைக் கட்டிக்கொண்டாள். மறுகாலில் இரண்டு கீரிகள். தடால்! காட்டெருமை மண்ணைக் கவ்வியது. முயலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது மகள் எப்போதோ உருண்டு விலகி, காதில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தேங்காயை விடு!" என்றது முள்ளம்பன்றி.

"மாட்டேன்! என்னோடது!" என்று இறுக்கிக் கட்டிக்கொண்டான் மொத்தையன்.

"தப்பாட்டம்! தேங்காய் கீழ்கரைக்கு!"

அப்புறம் என்ன! வெள்ளைச்சி ஓடினாள், பன்றிக்குட்டிகள் சாய்த்தன, விழுந்தவள் தேங்காயை விட்டாள். பின்னால் வந்த கீரி எடுத்தது, அது விழுந்தது, அடுத்தது எடுத்தது. கோட்டைத் தாண்டித் தேங்காய் தரையைத் தொட்டது. பிறகு இன்னொரு முறை. இன்னொரு முறை. மொத்தையன் விழுந்தபோதெல்லாம் அவன் பின்னால் ஓடிவர ஒருவரும் இல்லை. அவன் ஓடும்போது பசித்த பன்றிக்குட்டிகள் நரி சொன்னபடி கை தட்டிக்கொண்டு நின்றன.

ஆட்டம் முடிந்தது. கீழ்கரை ஜெயித்தது.

"அடுத்த வருஷத்துப் பங்கு முழுக்க உனக்குத்தான், கருப்பாயி!" என்றாள் யானைத் தலைவி.

"அப்போ அந்தப் பன்றிக்குட்டிங்களும் இனி என்கிட்ட வரட்டும், பெரியம்மா. முதல்ல அதுங்களுக்குச் சோறு போடணும்" என்றாள் கருப்பாயி. சொல்லி முடிப்பதற்குள் குட்டிகள் கரை தாண்டிவிட்டன.

நரி மட்டும் மெல்ல அவள் காதருகே வந்தது. "அக்கா, உங்க ஆளுங்கள்ல யாரு கெட்டிக்காரன்னு சொல்லுங்க. புதுசா ஒரு சங்கம் தொடங்கறேன். எத்தனை தேன் கேட்டாலும் கொடுத்து அவனைக் கூட்டிட்டுப் போறேன்!"

கருப்பாயி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "தாராளமா கூட்டிட்டுப் போ! ஆனா அவன் தனியா இருந்தா ஒண்ணுமே பண்ண மாட்டான். அத்தனை பேரையும் சேர்த்துத்தான் கூட்டிட்டுப் போகணும்!"

ஒருவனுக்கே எல்லாம் ஊட்டி வளர்த்தால் அவன் விழும்போது எல்லாம் விழும். பலருக்கும் ஊட்டிப் பழக்கினால் யார் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது.